21 நாள் கணக்கு சரியில்லை

எந்தப் பழக்கமும் 21 நாளில் ஒட்டிக்கொள்ளும் என்று ஏஐ உதவியாளர் சொன்னதாக இங்கே பகிர்கிறார்கள். மன்னிக்கவும், அது சரியில்லை. பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் 1960-இல், நோயாளிகள் தங்கள் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று எழுதியதுதான் நாளடைவில் இப்படித் திரிந்துவிட்டது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழு 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில் ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ள ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை ஆனது. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் கடையில் யோசிக்காமல் ‘தே ஓ கோசோங்’ (பாலும் சீனியும் இல்லாத தேநீர்) என்று வாயில் வர எனக்கு மூன்று மாதம் பிடித்தது, 22-ஆம் நாளும் கை சீனி டப்பாவுக்குத்தான் போனது. நம்மால் முடியாது என்று அன்றே யாரும் விட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன். சந்தேகம் இருந்தால் கூகுள் ஸ்காலரில் லாலி, 2010, ஹாபிட் என்று ஆங்கிலத்தில் தேடுங்கள், கட்டுரையின் சுருக்கத்திலேயே அந்த 18, 254 இரண்டும் இருக்கும்.