வனவியல் மாணவர்களின் களப்பணியில் கை வைக்காதீர்கள்

வனவியல், இயற்கை வள மேலாண்மைப் படிப்புகளில் களப்பணியைக் குறைத்துக் கணினி வகுப்புகளைக் கூட்டலாம் என்ற பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. செயற்கைக்கோள் படம் இருக்கிறது, ட்ரோன் இருக்கிறது, பிள்ளைகளை ஏன் அட்டைக்கடியில் நடக்கவிட வேண்டும் என்கிறார்கள். இதே துறையில் படித்தவள் நான். இதைக் கடுமையாக எதிர்க்கிறேன்.

தொலையுணர்வு, அதாவது வானிலிருந்து படமெடுத்து நிலத்தை ஆராய்வது, வேண்டாம் என்று சொல்லவில்லை. 1972 முதல் லேண்ட்சாட் என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள் வரிசை எடுத்துவரும் படங்கள் இல்லையென்றால் எந்தக் காடு எப்போது அழிந்தது என்பதே பல இடங்களில் தெரிந்திருக்காது. ஆனால் இன்றைய லேண்ட்சாட் படத்திலும் பொதுவாக ஒரு புள்ளி, தரையில் 30 மீட்டருக்கு 30 மீட்டர். அதற்குள் விதை முளைக்கிறதா, முளைத்ததை ஆடுமாடு விட்டுவைக்கிறதா, மண் இறுகிக் கிடக்கிறதா என்பதெல்லாம் குனிந்து பார்த்தால்தான் தெரியும். மேலே பச்சை அடர்ந்திருக்கும், கீழே பல வருஷமாக ஒரு கன்றுகூடத் தலையெடுத்திருக்காது. கிழட்டு மரங்கள் சாயும்வரை அந்தக் காடு படத்தில் நலமாகவே தெரியும்.

ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் வரையறையையே எடுத்துக்கொள்ளுங்கள். அரை ஹெக்டேருக்கு மேல் பரப்பு, 5 மீட்டருக்கு மேல் வளரும் மரங்கள், 10 சதவீதத்துக்கு மேல் மரக்கவிகை (மரங்களின் தழை மூடிய பரப்பு) இருந்தால் காடு. ரப்பர் தோட்டமும் இதில் சேரும். இயற்கைக் காட்டை வெட்டி ரப்பர் நட்டாலும் மொத்தக் காட்டுப் பரப்பு குறையாது. இரண்டுக்குள்ளும் நடந்து பார்த்த மாணவருக்கு அந்தக் கணக்கின்மேல் சந்தேகம் வரும். இந்தப் படிப்பு தரவேண்டிய முதல் பயிற்சி அந்தச் சந்தேகம்தான் என்பேன்.

கணக்கை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மனி இருக்கிறது. வளர்வதற்கு மேல் வெட்டாதே என்ற கருத்தை 1713-லேயே கார்லோவிட்ஸ் என்ற சுரங்க அதிகாரி அங்கே எழுதிவிட்டார். பின்னால் வந்தவர்கள், அளக்கவும் வெட்டவும் வசதி என்று ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரத்தை வரிசை வரிசையாக நட்டார்கள். 2018 வறட்சிக்குப் பிறகு மரப்பட்டையைத் துளைக்கும் பட்டைவண்டு அந்தத் தோட்டங்களைப் பெரும் பரப்பில் காய வைத்தது.

இன்னொன்று, மனிதர்கள். காட்டைப் பயன்படுத்துகிறவர்களே விதி வகுத்து, தாங்களே காவலும் இருந்தால் காடு நிலைக்கும் என்று எடுத்துக்காட்டியவர்களில் எலினார் ஆஸ்ட்ரம் முக்கியமானவர். 2009-ல் பொருளாதார நோபல் வாங்கிய முதல் பெண். விறகு யாருக்கு, தேன் யாருக்கு, தீ பிடித்தால் ஓடிவருவது யார் என்பதை எந்தச் செயற்கைக்கோளும் சொல்லாது. உட்கார்ந்து பேச வேண்டும்.

நான் கேட்பது இதுதான். ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு மாதிரித் திட்டு, அதாவது அளந்து பார்க்கக் காட்டில் ஒரு சிறு துண்டு, கொடுங்கள். மழையிலும் கோடையிலும் அதே திட்டை அவர்களே அளக்கட்டும். காட்டை அறிந்த உள்ளூர்வாசிகளை வழிகாட்டிகளாக மட்டும் அழைக்காமல் ஆசிரியர்களாக, சம்பளம் கொடுத்து அழையுங்கள். இந்தக் களப்பணிக்கும் தேர்வுத்தாளுக்குச் சமமான மதிப்பெண் வையுங்கள்.