மஞ்சள் காய்ச்சல் ஊசி: புறப்படும் நாளில் போட்டால் செல்லாது

"கென்யாவுக்கு ஈடிஏ (மின்னணு பயண அனுமதி) ஆன்லைனில் கிடைத்துவிட்டால் போதும், மஞ்சள் காய்ச்சல் ஊசியைக் கிளம்புவதற்கு முந்தின நாள் போட்டுக்கொள்ளலாம், 10 வருடம் தாங்கும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதை நம்பிப் போகிறவர்கள் மாட்டிக்கொள்வார்கள்.

ஊசி போட்ட 10 நாள் கழித்துத்தான் அதற்கான சான்றிதழ் அட்டை செல்லுபடியாகும். 1ஆம் தேதி போட்டால் 11ஆம் தேதி முதல். 10 வருடக் கணக்கு பழசு. 2016 ஜூலை 11 முதல் ஒரே தவணை ஆயுள் முழுக்கச் செல்லும், பழைய அட்டைகளுக்கும் சேர்த்து.

சிக்கல் பெரும்பாலும் திரும்பி வரும்போதுதான். செல்லுபடியாகும் சான்றிதழ் இல்லாமல் கென்யா போன்ற மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளிலிருந்து வந்தால், இந்திய விமான நிலையத்தில் 6 நாள் வரை தனிமைப்படுத்த விதி இருக்கிறது. ஈடிஏ என்பது நுழைவு அனுமதி மட்டுமே. அது இந்தச் சான்றிதழுக்கு ஈடாகாது.

எல்லா மருத்துவமனையிலும் இந்த ஊசி கிடையாது. அரசு அங்கீகரித்த மையங்களில்தான் போட வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் அப்படி ஒன்று. பல பேருக்கான மருந்து ஒரே குப்பியில் இருக்கும், அதைக் கரைத்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டும். அதனால் குறிப்பிட்ட நாட்களில், முன்பதிவின்படியே போடுகிறார்கள். டிக்கெட் எடுத்த கையோடு பதிவு செய்துவிடுங்கள், ஒரு மாதம் முன்பே என்றால் நிம்மதி.

அட்டையில் பாஸ்போர்ட் எண், தேதி, மருத்துவர் கையொப்பம், மைய முத்திரை நான்கையும் அங்கேயே சரிபாருங்கள். மொபைலில் எடுத்த படத்தை நம்பாமல் அசலைக் கையில் வையுங்கள்.

இது உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசி. முட்டைக்குக் கடும் ஒவ்வாமை, நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்துகள், கர்ப்பம், 60 வயதுக்கு மேல் முதல் தவணை: இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.