வேலைக்காரனுக்கும் கீழே வைத்திருந்த ஆசிரியர்கள்

17-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுக் கத்தோலிக்கக் குரு புனித தெ லசால் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரை நன்று. ஆனால் 'ஏழைகளுக்குப் பள்ளி திறந்தார்' என்று ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். பிரான்ஸின் ரெய்ம்ஸ் நகரத்துப் பணக்கார வீட்டுப் பிள்ளை அவர். ஆரம்பத்தில் பள்ளி ஆசிரியர்களைத் தன் வேலைக்காரனைவிடக் கீழாகத்தான் நினைத்ததாக அவரே பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார். அப்படிப்பட்டவர் 1681-இல் அவர்களைத் தன் வீட்டிலேயே தங்கவைத்தார். சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? வீட்டில் பெரிய சண்டை.

எனக்குப் பிடித்த இடம் அப்புறம்தான் வருகிறது. கடவுளை நம்புங்கள் என்று ஆசிரியர்களிடம் சொன்னபோது, "உங்களுக்கென்ன, சொத்தும் பதவியும் இருக்கிறது" என்ற ரீதியில் திருப்பிக் கேட்டுவிட்டார்கள். நியாயமான கேள்விதானே! 1683-இல் ரெய்ம்ஸ் பேராலயத்தில் வருமானம் தந்த குருப் பதவியை விட்டார். அடுத்து வந்த பஞ்சத்தில் சொத்தை ரொட்டியாக்கி ஏழைகளுக்குக் கொடுத்துத் தீர்த்தார்.

அன்றைய வழக்கப்படி லத்தீனில் தொடங்காமல், பேச்சுமொழியான பிரெஞ்சிலேயே வாசிக்கக் கற்றுக்கொடுத்ததையும் சேர்த்திருக்கலாம். இலவசமாக எழுதச் சொல்லிக்கொடுத்தால் எங்கள் பிழைப்பு என்னாவது என்று பாரிஸில் காசு வாங்கிக் கற்பித்தவர்கள் அவர்மேல் வழக்கே போட்டார்கள். அதற்கே தனிக் கட்டுரை எழுதலாம், எழுதுங்களேன்.