கூண்டுக்கு வெளியே கொழுக்கும் மீன்கள்

நீர்த்தேக்கங்களில் மிதவைக் கூண்டுகள் வைத்து மீன் வளர்ப்பதை ஆதரிப்பவர்கள், கூண்டுகளுக்கு அருகே பிடிபடும் இயற்கை மீன்கள் மற்ற இடத்து மீன்களைவிடக் கொழுத்திருப்பதைச் சுட்டிக்காட்டி, இதில் என்ன கேடு என்று கேட்கிறார்கள். பல இடங்களில் அவை கொழுத்திருப்பது உண்மைதான். ஆனால், எதைத் தின்று கொழுத்தன என்று பாராமல் எடையை மட்டும் நலத்துக்குச் சான்றாக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கூண்டில் இடும் தீவனத்தில் ஒரு பகுதி உண்ணப்படாமல் வலைக்கண் வழியே வெளியேறுகிறது. அதைத் தேடி, கிடைத்ததைத் தின்னும் கெளுத்தி, கெண்டை வகைகள் கூடுகின்றன. பூச்சிப் புழு, நத்தை, பாசி, விதை என்று பருவத்துக்கேற்ப இரை மாற்றி வந்த மீனின் வயிற்றில் இப்போது சோயாவும் மக்காச்சோளமும் கலந்த தீவனம் நிறைகிறது. நீர்மட்டம் இறங்கும்போதெல்லாம் கரையோரப் புழுக்கள் காய்ந்து மடியும் நீர்த்தேக்கத்தில், நாள் தவறாமல் விழும் உணவை மீன் நாடுவதில் வியப்பில்லை.

வயிற்றை அறுத்துப் பார்த்தால் அண்மையில் தின்றது மட்டுமே தெரியும். தசையிலுள்ள கார்பன், நைட்ரஜன் ஐசோடோப்புகளின் (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களின்) விகிதமோ பல வாரங்களின், சில வேளைகளில் பல மாதங்களின் உணவைக் காட்டிக்கொடுக்கும். தாவர எண்ணெய் சேர்ந்த தீவனத்தைத் தொடர்ந்து தின்ற மீனின் கொழுப்பில், அவ்வெண்ணெய்களில் மிகுந்துள்ள லினோலெயிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலமும் கூடுகிறது.

தீவனத்தைத் தொடாத மீன்களையும் கூண்டு வளர்ப்பின் பாதிப்பு விடுவதில்லை. ஒரு கிலோ மீன் வளர ஒன்றரைக் கிலோ தீவனம் செலவாகி, அதில் பாஸ்பரஸ் 1 சதவீதம் இருந்தால், உள்ளே போகும் 15 கிராமில் மீனின் உடலில் தங்குவது ஏறத்தாழ 5 கிராம்தான். எஞ்சியது நீரில் கலந்து பாசியைப் பெருக்குகிறது. கழிவு படிந்து ஆக்சிஜன் குறைந்த அடித்தளத்தில், அதைத் தாங்கும் சில புழு இனங்களே மிஞ்சுகின்றன. சிதறிய தீவனத்தை இயற்கை மீன்கள் தின்பதால் அடியில் படிவது ஓரளவு குறைகிறது என்ற வாதத்தை மறுக்கவில்லை; எனினும் தின்றதிலுள்ள பாஸ்பரஸில் பெரும்பகுதி கழிவாக நீருக்கே திரும்புகிறது.

ஆகவே, கூண்டு அமைக்க அனுமதி தருமுன் அந்நீரிலுள்ள மீன்களின் உணவைப் பருவந்தோறும் பதிவு செய்வதைக் கட்டாயமாக்க வேண்டும். கூண்டுகள் வந்த பின்னர் அவற்றுக்கு அருகிலும் தொலைவிலும் மாதிரி எடுக்க வேண்டும். அறுவடை முடிந்து தீவனம் நின்றுபோகும் இடைவெளியிலும் எடுத்தால்தான், அதை நம்பிப் பெருகிய மீன்கள் பழைய இரைக்குத் திரும்பினவா, இடம்பெயர்ந்தனவா, மெலிந்தனவா என்பது தெரியவரும்.