டிரவுட் ஓடைக்கு டிஸ்க் பிரேக் கட்டாயமா?
முதல் ஃப்ளை ரீல் (பூச்சி வடிவச் செயற்கை இரையை வீசி மீன் பிடிக்கும் தூண்டிலில் நூலைச் சுற்றிவைக்கும் கருவி) வாங்குபவர் விலை கூடினாலும், மீன் நூலை இழுத்தோடும் வேகத்தை உராய்வால் கட்டுப்படுத்தும் டிஸ்க் பிரேக் உள்ளதையே வாங்க வேண்டும் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பது, டிரவுட் மீன் பிடிக்கும் ஓடைகளைப் பொறுத்தவரை எனக்குச் சரியாகப் படவில்லை. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் படித்த இரண்டாண்டுகளும் டெர்பிஷையர் ஓடைகளில் 4ஆம் எண் (இலகுவான நூலுக்கான) தூண்டிற்கோலோடு, உள்ளே ஒரு பல்சக்கரமும் அதில் தட்டும் சிறு நாக்கும் மட்டுமே கொண்ட பழைய பாணி ரீலைத்தான் பயன்படுத்தினேன். அங்கே எனக்குக் கிடைத்த ஒன்றரைச் சாண் மீன்களை இடக்கையால் நூலை இழுத்தே கரை சேர்த்துவிட முடிந்தது. அப்படி மிச்சமாகும் பணத்தை நல்ல நூலுக்குச் செலவிடலாம், ஏனென்றால் ஈயக்குண்டு இல்லாத இந்தத் தூண்டிலில் நூலின் எடைதான் இரைப்பூச்சியைத் தூக்கிச் செல்கிறது. ஆனால், அதே ரீல் மலேசியாவின் தெமெங்கோர் ஏரியில் செபாரா என்னும் மீனுக்கும் போதும் என்று மேலே ஒரு வாசகர் சொல்வதை ஏற்க மாட்டேன். அந்த மீன் கவ்விய வேகத்தில் ஓடும்போது ரீலின் நூல் சுற்றிய சுருள் கட்டுப்பாடின்றிச் சுழன்று நூல் சிக்கிக்கொள்ளும், அங்கே பிரேக் அவசியம். கோலாலம்பூரில் மலிவு ரீல் தேடுபவர்கள் கிராஃபைட் சட்டத்தைத் தவிர்த்து அலுமினியத்தை எடுப்பது நல்லது: என்னுடைய கிராஃபைட் ரீல் ஒரே ஒருமுறை பாறையில் விழுந்ததில் சட்டம் கோணி, அன்று முழுவதும் சுருள் விளிம்பில் உரசிக்கொண்டே சுற்றியது.