பந்தலுக்கு மட்டும் அவசரம்

போன ஞாயிறு மத்தியானம் சாப்பிடும்போது மச்சானுக்கும் எனக்கும் வாக்குவாதம். மச்சான் பெங்களூர் விமான நிலையம் பக்கம், தேவனஹள்ளியைத் தாண்டி ஒரு சைட் வாங்கிப் போட்டிருப்பவர். (முப்பது வருஷ பெங்களூர்வாசிகளான எங்களுக்கு மனை என்று வாயில் வராது, சைட்தான்.) “அந்த விவசாயிங்க பந்தலை அன்னிக்கே கோர்ட்டுக்குப் போய்ப் பிரிச்சிருந்தா இந்நேரம் ஏரோஸ்பேஸ் பார்க் வந்திருக்கும். நம்ம சைட்டும் ரெண்டு மடங்கு போயிருக்கும்” என்றார்.

அவர் சொன்னது தேவனஹள்ளி தாலுகாவில் சன்னராயப்பட்டணா பக்கத்து 13 கிராமங்களை. 1,777 ஏக்கர். ராகி, திராட்சை, மல்பெரி, காய்கறி விளையும் பூமி. விமானத் தொழிற்சாலைகளுக்கான அந்தப் பார்க்குக்காகக் கையகப்படுத்தப் போகிறோம் என்று கர்நாடக அரசு சொன்னதும் 2022 ஏப்ரலில் பந்தல் போட்டு உட்கார்ந்தவர்கள் மூன்று வருஷத்துக்கு மேல் எழுந்திருக்கவில்லை. 2025 ஜூலை 15 அன்று முதல்வர் சித்தராமையா திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தார்.

அங்கே நான் ஒருமுறை போயிருக்கிறேன். பைக்கை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள், கீரைக்கட்டு கட்டிக்கொண்டிருந்த ஒரு பாட்டி நிமிர்ந்து பார்த்து, “சைட் நோடக்கே பந்த்ரா?” என்றார். சைட் பார்க்க வந்தீங்களா என்று. வெளியாள் வந்தால் அதற்குத்தான் வருவான் என்று அவருக்குப் பழகிவிட்டது போல. இல்லை என்றதும் பாயில் நகர்ந்து இடம் விட்டார். காலையில் பால் ஊற்றிவிட்டு வருவாராம், சாயங்காலம் மாட்டுக்குப் புல் அறுக்கப் போய்விடுவாராம். பேசிய ஒரு மணி நேரத்தில் அவர் கை நிற்கவேயில்லை. கட்டி முடித்த கட்டுகளை ஈரச் சாக்கால் மூடிக்கொண்டே இருந்தார்.

சரி, மச்சான் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. ஹெப்பாள் மேம்பாலத்தில் ஒன்றரை மணி நேரம் நின்று, முன்னால் போகும் ஊர்வலத்தை மனசார சபித்தவன் நான். குடியுரிமைச் சட்டத்தை எதிர்த்து டெல்லியில் சாலையில் உட்கார்ந்த ஷாஹீன் பாக் போராட்ட வழக்கில் 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், பொது வழியைக் காலவரையின்றி மறித்து உட்கார முடியாது என்று சொன்னதில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. சாலை எல்லாருடையது.

ஆனால் நிலத்துக்கான போராட்டம் வேறு. அங்கே அந்த நிலம் யாருக்கு, எதற்கு என்பதே வழக்கு. பந்தலைப் பிரி என்று ஆணை போட்டு ஜேசிபியை உள்ளே விட்டுவிட்டால், பிறகு தீர்ப்பு எப்படி வந்து என்ன?

மும்பை ஆரே காலனியில் நடந்ததைப் பாருங்கள். மெட்ரோ பணிமனைக்கு மரம் வெட்டுவதை எதிர்த்த மனுக்களை 2019 அக்டோபர் 4, வெள்ளிக்கிழமை, மும்பை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அன்று ராத்திரியே ரம்பம் உள்ளே போனது. தடுக்கப் போன 29 பேர் கைது. திங்கட்கிழமை உச்ச நீதிமன்றம் கூடி, இனி வெட்டாதே என்றது. அரசு வக்கீல் என்ன சொன்னார் தெரியுமா? தேவையான மரங்களை வெட்டியாகிவிட்டது. 2,141 மரங்கள், ஒரு சனி ஞாயிறில்.

டெல்லி கதை நமக்கு இன்னும் நெருக்கம். கடன் தள்ளுபடி கேட்டு மண்டை ஓடுகளோடு ஜந்தர் மந்தரில் உட்கார்ந்திருந்த நம் விவசாயிகளை மறந்திருக்க மாட்டீர்கள். 2017 அக்டோபரில் பசுமைத் தீர்ப்பாயம், ஒலி மாசு என்று சொல்லி அங்கே போராட்டமே கூடாது என்றது. அந்த மாசக் கடைசியிலேயே எல்லாரையும் கிளப்பிவிட்டார்கள். அப்படி முழுசாகத் தடை போட்டது தப்பு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2018 ஜூலையில். கிளப்ப ஒரு மாசம்கூட ஆகவில்லை, அது தப்பு என்று சொல்ல ஒன்பது மாசம். அதற்குள் மண்டை ஓடுகள் ஊர் திரும்பிவிட்டன. வாங்கிய கடன் அப்படியே இருந்தது, சத்தம் மட்டும் குறைந்தது.

(பெங்களூரில் போராடுவதற்கென்று ஒதுக்கியிருக்கும் இடம் ஃபிரீடம் பார்க். பழைய மத்திய சிறை இருந்த இடம். அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் சிரித்துக்கொண்டே செய்தாரா என்று ரொம்ப நாளாக யோசிக்கிறேன்.)

நான் கேட்பது பெரிசாக ஒன்றுமில்லை. பந்தலைப் பிரிக்கச் சொல்லும் அதே ஆணையில், வழக்கு முடியும்வரை அந்த நிலத்தில் ஒரு வேலையும் நடக்கக் கூடாது என்று இன்னொரு வரி சேர்த்து எழுதட்டும். கிராமத்து ஜனங்களும் எழுந்து வீட்டுக்குப் போகட்டும், கம்பெனிக்காரனும் ஓரமாக நிற்கட்டும்.

மச்சான் ஒத்துக்கொள்ளவில்லை. “அப்படி நிறுத்தி வெச்சா எந்தக் கம்பெனி வரும்?” என்றார். அப்புறம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. போன வருஷம் பக்கத்து சைட்காரர் இவர் எல்லையில் நாலு லோடு மண் கொட்டியபோது, ராத்திரியோடு ராத்திரியாக வக்கீல் வீட்டுக்கு என் பைக்கில்தான் போனோம். “ஸ்டே வாங்கிக் குடுங்க சார். கேஸ் முடியற வரைக்கும் ஒரு கூடை மண்ணுகூட நகரக் கூடாது” என்று அன்றைக்குக் கெஞ்சியது யார் மச்சான்?

பதில் இல்லை. மோரை வாங்கிக் குடித்துவிட்டு டிவி பக்கம் போய்விட்டார்.