மலைக்குக் கறி வரட்டும், கோழி லோடு வேண்டாம்

கறிக்காக ஆடு, கோழிகளை உயிரோடு வண்டியில் அடைத்து மலைக்கு ஏற்றுவதை நிறுத்த வேண்டும் என்பது என் கருத்து. நீலகிரியில் குடியிருப்பவன், கறி சாப்பிடுகிறவன் என்ற முறையில்தான் சொல்கிறேன்.

உலகக் கணக்கில் இது சின்ன விஷயம். ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு 2013இல் வெளியிட்ட அறிக்கை, மனிதர்களால் வெளியாகும் பசுங்குடில் வாயுக்களில் 14.5 சதவீதம் கால்நடை வளர்ப்பால் வருகிறது என்றது. அதில் பெரும்பங்கு தீவனத்துக்கும் ஆடுமாடுகள் அசைபோட்டு வெளிவிடும் மீத்தேனுக்கும் போய்விடுகிறது. வண்டிப் புகை கொஞ்சம்தான். சரி, ஆனால் எங்கள் மலையில் அந்த வண்டி இறக்கிவிட்டுப் போவது எதுவும் அந்தக் கணக்கில் வராது.

மேட்டுப்பாளையம் சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல். பல்லடம் பக்கத்துப் பண்ணையில் பிடித்த பிராய்லர் கோழி கல்லாறு தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் முக்கி முக்கி ஏறி வருகிறது. இரண்டு கிலோ கோழியை உரித்தால் ஒன்றரைக் கிலோ கறி தேறாது. வெள்ளாட்டில் பாதி தேறினாலே பெரிது. மீதியெல்லாம் இறகு, குடல், ரத்தம். இத்தனை டீசலை எரித்துக் கழிவையும் சேர்த்துத்தான் மேலே கொண்டுவருகிறோம். வண்டி வெறுங்கூண்டோடு இறங்கிவிடும், கழிவு இங்கேயே கிடக்கும்.

விடிகாலையில் பர்லியாறு பக்கம் கோழி லோடு நின்றால் கிட்டப் போய்ப் பாருங்கள். மேல் கூண்டின் எச்சம் கீழ்க் கூண்டுக் கோழிகளின் முதுகில் வழிந்து காய்ந்திருக்கும். எல்லாம் வாயைப் பிளந்து இளைத்துக்கொண்டிருக்கும். வழியில் செத்ததைச் சிலர் சாலையோரப் பள்ளத்தில் வீசிவிட்டுப் போகிறார்கள். அதற்கு நாய் வரும், காட்டுப்பன்றி வரும், நாயைத் தேடிச் சிறுத்தை வரும். கடைகளில் கழுவி விடும் தண்ணீர் ஓடை வழியே குன்னூர் ஆற்றுக்கும், அங்கிருந்து பவானிக்கும் போகிறது. கீழே அதைத்தான் ஜனங்கள் குடிக்கிறார்கள்.

இதைவிட எனக்குப் பெரிய பயம் நோய். 1968இல் மாடுகளைக் கொல்லும் வெக்கை நோய் (ரிண்டர்பெஸ்ட்) முதுமலை, பந்திப்பூர் காட்டெருமைகளைக் கொத்துக் கொத்தாகச் சாய்த்தது. அந்த நோயை 2011இல் உலகமே ஒழித்துவிட்டது. ஆனால் 2023 ஜனவரியில் முதுமலையில் காட்டுப்பன்றிகள் செத்து விழுந்தன, ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் என்று உறுதியானது. அந்த வைரஸ் பன்றியோடு மட்டும் போவதில்லை. வண்டிச் சக்கரம், செருப்பு, கறிக்கழிவு என்று எதில் வேண்டுமானாலும் ஒட்டிக்கொண்டு போகும். கோமாரியும் அப்படித்தான், காட்டெருமைக்கும் மானுக்கும் தொற்றும். கூடலூரிலிருந்து மைசூர் போகிற சாலையோ புலிகள் காப்பகத்துக்கு நடுவே போகிறது. கால்நடை ஏற்றிய வண்டி அந்த வழியில் ஒரு தடவை நின்று கழுவிவிட்டாலே போதும், ஆபத்துதான்.

மலையிலேயே வளர்கிற ஆட்டையும் நாட்டுக்கோழியையும் நான் சொல்லவில்லை. அது நாலு வீடு தாண்டி விற்றுப்போகும்.

"கண் முன்னால் அறுத்தால்தான் கறி" என்பார்கள். அந்த மனசு எனக்கும் புரிகிறது. ஆனால் மீனை ஐஸ் பெட்டியில்தானே வாங்குகிறோம்? தூத்துக்குடி மீனை உயிரோடு கொண்டுவா என்று ஊட்டி மார்க்கெட்டில் யாரும் கேட்பதில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். குளிர்வண்டியில் இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் கறி வந்துவிடும்.

அடிவாரத்தில், மேட்டுப்பாளையத்திலோ காரமடையிலோ, கழிவுநீர்ச் சுத்திகரிப்போடு ஒரு நல்ல அறுப்புக்கூடம் வேண்டும். ஹலால் முறைப்படி அறுக்க அங்கேயே ஆள் இருக்கிறார்கள். கழிவைத் தீவனமாகவோ உரமாகவோ மாற்ற இடமும் அங்கேதான் உண்டு. மலையில் இருக்கும் சின்னக் கறிக்கடைக்காரருக்கு ஃப்ரீசர் வாங்க மானியம் கொடுக்க வேண்டும், அவர் பிழைப்பில் கை வைத்துவிட்டு இதைச் செய்யக் கூடாது. முதலில் ரிசார்ட், லாட்ஜ், பெரிய ஓட்டல்களிலிருந்து தொடங்கட்டும். சீசனில் மூட்டை மூட்டையாகக் கறி வாங்குகிறவர்கள் அவர்கள்தான். வரும் மே மாதத்துக்குள் அவர்களுக்காவது இந்த விதியை மாவட்ட நிர்வாகம் கொண்டுவர வேண்டும்.